கார்கில் வான்போரின் பதிவேடுகளைத் திறந்துவிடுங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் விமானப்படைத் தலைமையகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கும், விமானப்படைத் தலைமைத் தளபதி அவர்களுக்கும், அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போர் ஆவணங்களைப் பாதுகாத்தல், இரகசியம் நீக்குதல், போர் வரலாறுகளைத் தொகுத்து வெளியிடுதல் ஆகியவற்றுக்கான கொள்கை ஒன்றுக்குப் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. முப்படைகளும் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பிற அமைப்புகளும் தங்கள் போர் நாட்குறிப்புகளையும் செயல்பாட்டுப் பதிவேடுகளையும் வரலாற்றுப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டுகளில் இரகசியம் நீக்கப்பட வேண்டும் என்றும், அதைவிடப் பழையவற்றை ஆவணவியல் வல்லுநர்கள் பார்வையிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் அக்கொள்கை கூறுகிறது. கார்கில் போர் நடந்தது 1999-இல். எனவே அந்தக் கணக்கின்படி 2024-ஆம் ஆண்டோடு அதன் முறை வந்துவிட்டது. அந்தப் போரில் விமானப்படை மேற்கொண்ட 'சஃபேத் சாகர்' நடவடிக்கையின் பதிவேடுகளை முழுமையாகவும், ஆய்வாளர்கள் எளிதில் அணுகக்கூடிய வடிவிலும் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் தொழிற்பயிற்சி பெற்று, விமானப்படையில் என்ஜின் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வியூகம் வகுக்கும் இடத்தில் நான் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்ற பதிவேடு உண்டு என்பதும், அதில் கையெழுத்திடாமல் எந்த விமானியும் விமானத்தை எடுத்துச் செல்ல முடியாது என்பதும், தரையிறங்கியதும் தான் கண்ட கோளாறுகளை அவர் அதில் எழுதியாக வேண்டும் என்பதும், அந்தக் கோளாறைச் சரிசெய்து தொழில்நுட்பர் கையெழுத்திடும்வரை அந்த விமானம் அடுத்த பறப்புக்குப் போகாது என்பதும் எனக்குத் தெரியும். "வலப்பக்க பிரேக் இழுக்கிறது" என்று ஒரு இளம் விமானி எழுதினால், அதைப் படித்துவிட்டு யாரும் அவருடைய வீரத்தைச் சந்தேகிப்பதில்லை, பிரேக்கைப் பார்ப்போம். தனித்தனி விமானத்தின் அளவில் இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும் இந்த ஒழுங்கு, ஒரு முழுப் போரின் அளவில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதுதான் என்னை நெடுங்காலமாக வாட்டும் கேள்வி.

விமானப்படைக்கு எழுத்து வடிவிலான போர்க்கோட்பாடு 1995-இல்தான் உருவானது. பொதுமக்கள் படிக்கக்கூடிய பதிப்பு 2012-இலும், அதன் திருத்தப்பட்ட வடிவம் அதற்கடுத்த பத்தாண்டிலும் வந்தன. அவை வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஒரு கோட்பாட்டு நூலில் "இப்படிச் செய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால், அந்த வரியை எந்தப் போரின் எந்த நாள் எழுத வைத்தது என்று படிப்பவர் தேடிப் போக வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாத கோட்பாட்டை மனப்பாடம் செய்யலாம். சோதித்துப் பார்க்க முடியாது. அமைதிக் காலத்தில் எழுதப்பட்டதைப் போர் திருத்துவதும், போரில் கற்றது அமைதிக் காலத்தில் மறக்கப்படுவதும் எல்லா நாட்டு விமானப்படைகளிலும் நடந்திருக்கின்றன. நம் படையிலும் நடந்திருக்கிறது.

1965-ஐ எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 1 அன்று ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் கவசப்படை முன்னேறியபோது, மாலை மங்கும் நேரத்தில் பதான்கோட்டிலிருந்து நம் வேம்பயர் விமானங்கள் அனுப்பப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வடிவமைக்கப்பட்ட அவ்விமானங்களில் நான்கு அன்றே வீழ்ந்தன. அதன்பின் அந்த வகை விமானங்கள் முன்னணிப் பணியிலிருந்து விலக்கப்பட்டன. கீழே ஒன்றோடொன்று கலந்து நின்ற டாங்குகளில் எது நம்முடையது, எது எதிரியுடையது என்று மேலிருந்து பிரித்தறிய முடியாமல் போனதையும் அன்றைய பதிவுகள் சொல்கின்றன. அன்று வேம்பயர்களை ஓட்டிய 45-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமான அணிதான் 2016-இல் தேஜஸ் விமானங்களோடு மறுபிறவி எடுத்து, 2018 முதல் எங்கள் கோவைக்கு அருகிலுள்ள சூலூரில் இயங்கியது. சூலூர் வானில் தேஜஸ் பறப்பதைப் பார்த்துப் பெருமைப்படும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அந்த ஸ்குவாட்ரனின் 1965 செப்டம்பர் மாலை தெரியும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சம்ப் நிகழ்ந்த ஐந்து நாட்களில், செப்டம்பர் 6 மாலை, பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கின. நம் விமானங்கள் திறந்தவெளியில் நின்றிருந்தன. அப்போதுதான் நம் படைக்கு வந்திருந்த மிக்-21 விமானங்கள் இரண்டு உட்படப் பல விமானங்கள் தரையிலேயே எரிந்தன. மறுநாள் காலை கிழக்கே கலைகுண்டாவிலும் கான்பெரா விமானங்களும் வேம்பயர்களும் நிறுத்தப்பட்ட இடத்திலேயே அழிக்கப்பட்டன. பறக்கும் வாய்ப்பே கிடைக்காமல் போன விமானங்கள் அவை.

அந்தப் பாடத்தை நம் படை கற்றது. கற்றதற்குச் சான்று 1971 டிசம்பர் 3 மாலை. பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அமிர்தசரஸ், ஸ்ரீநகர் உள்ளிட்ட நம் தளங்கள்மீது ஒரே நேரத்தில் பாய்ந்தபோது, விமானங்கள் கான்கிரீட் மறைவிடங்களுக்குள் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தன. ஓடுபாதைகளில் விழுந்த குழிகள் அந்த இரவிலேயே நிரப்பப்பட்டன. ஆறு ஆண்டுகளுக்கு முன் இழந்ததோடு ஒப்பிட்டால் இழப்பு மிகச் சொற்பம். அடுத்த நாள் காலையிலேயே நம் விமானங்கள் எதிரியின் தளங்கள்மேல் இருந்தன.

இன்னும் நுட்பமான பாடம் ஒன்றும் உண்டு. 1965-இல் விமானிகளின் துணிவில் குறை இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் தனக்குத் தெரிந்த முறையில் போரிட்டது. புதிய விமானங்களை எப்படிப் போரில் ஈடுபடுத்துவது என்பதை ஓரிடத்தில் உட்கார்ந்து ஆராய்ந்து, பறந்து சோதித்து, பிற ஸ்குவாட்ரன்களுக்குக் கற்பிக்கும் அமைப்பு இல்லை. அதற்காகவே 1971 பிப்ரவரியில் ஆதம்பூரில், மிக்-21, சுகோய்-7 விமானங்களோடு, போர்த் தந்திரங்களை உருவாக்கிப் பயிற்றுவிக்கும் தனி ஸ்குவாட்ரன் ஒன்று நிறுவப்பட்டது. இன்று குவாலியரில் டாக்டே என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். நிறுவப்பட்ட ஆண்டு முடிவதற்குள்ளாகவே அந்தப் பயிற்றுநர்கள் தாங்கள் வகுத்த முறையைத் தாங்களே சோதிக்க நேர்ந்தது. இரவில், தனி விமானமாக, மிகத் தாழ்வாகப் பறந்து எதிரியின் விமானத் தளங்களைத் தாக்கிவிட்டுத் திரும்பினார்கள். அனுபவம், ஆய்வு, சோதனை, மறுபடியும் போர் என்ற சுழற்சி முழுமையாகச் சுற்றி வந்த அரிய தருணம் அது.

மேலிடத்திலும் அதே மாற்றம் நிகழ்ந்தது. 1965-இல் துணைத் தளபதியாக இருந்த பி.சி. லால் 1969-இல் தலைமைத் தளபதியானார். தரைப்படையும் விமானப்படையும் தனித்தனியே திட்டமிட்டதை முந்தைய போரில் அருகிலிருந்து பார்த்தவர் அவர். ஆகவே 1971-க்கு முன்பு முன்னுரிமைகளை அவர் மாற்றி வரிசைப்படுத்தினார். நாட்டையும் தளங்களையும் காப்பது முதற்கடமை. அடுத்தபடியாகத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் துணைநிற்பது. எதிரியின் விமானப்படையைத் தேடி அழிப்பதே எல்லாவற்றுக்கும் முந்தியது என்று உலகெங்கும் விமானப்படையினர் நம்பிவந்த காலத்தில் ஒரு விமானப்படைத் தளபதி எடுத்த முடிவு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டிசம்பர் 5 விடியலில் லோங்கேவாலாவில் சிறு காலாட்படைப் பிரிவு ஒன்றைச் சூழ்ந்திருந்த டாங்குகளை, ஜெய்சால்மரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள் மணல்வெளியில் வரிசையாக எரித்தது அந்த முடிவின் கண்கூடான பலன். அந்த ஹண்டர்களுக்கு இரவில் பறந்து தாக்கும் வசதி இல்லை. விடியும்வரை அந்தக் காலாட்படையினர் தனியே தாக்குப்பிடித்தார்கள். பலனோடு இந்தக் குறையும் பாடமாகப் பதிவாக வேண்டும்.

கிழக்கிலும் போர் நடக்கும்போதே கற்றார்கள். டாக்கா அருகிலுள்ள தேஜ்காவ் தளத்தை முதல் நாளில் தாழ்வாகப் பறந்து தாக்கியபோது சில ஹண்டர்களை இழந்தோம். பிறகு மிக்-21 விமானங்கள் 500 கிலோ குண்டுகளோடு உயரத்திலிருந்து செங்குத்தாகச் சரிந்து வந்து ஓடுபாதையையே பிளந்தன; சில நாட்களில் அங்கிருந்த எதிரி விமானங்கள் மேலெழும்ப முடியாமல் முடங்கின. வான்மறிப்புக்கென்று வாங்கிய விமானம் குண்டுவீச்சுக்குப் பயன்பட்டது. டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கப் புறப்பட்ட விமானிகளின் கையில் இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான நகர வரைபடம். அதைப் பார்த்துக் கட்டடத்தை அடையாளம் கண்டு, ராக்கெட்டுகளைச் செலுத்தினார்கள். ஆளுநர் மாலிக் அன்றே பதவி விலகினார். இந்த நிகழ்ச்சி நம் மேடைகளில் சாகசக் கதையாகச் சொல்லப்படுகிறது. நான் அதை வேறுவிதமாகவும் படிக்கிறேன்: போர் தொடங்கிப் பதினோரு நாட்கள் ஆன பின்பும் எதிரித் தலைநகரின் ஒழுங்கான இலக்கு வரைபடம் தாக்கும் ஸ்குவாட்ரனிடம் ஏன் இல்லை என்ற கேள்வி, அந்த வெற்றிக்குள் புதைந்து கிடக்கிறது. வென்ற போர்களின் பதிவேடுகளை அதிகக் கவனத்தோடு படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இனிக் கார்கில்.

1999 மே 25 அன்று விமானப்படையை ஈடுபடுத்த அரசு ஒப்புதல் அளித்தது. மறுநாள் காலை தாக்குதல் தொடங்கியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது கட்டளை. இலக்குகள் 14,000 முதல் 18,000 அடி உயர மலைமுகடுகளில், பாறைகளுக்கிடையே ஒளிந்திருந்த சிறு முகாம்கள். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. குண்டு விழும் பாதை சமவெளியில் கணக்கிட்டதுபோல இருக்காது. ராக்கெட்டும் வேறுவிதமாகப் பாயும். என்ஜின் தரும் உந்துவிசையும் குறையும். என்ஜினோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: உயரத்தில் ஓர் என்ஜின் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கையேட்டில் படிப்பது வேறு, ராக்கெட் புகை உள்ளிழுக்கப்படும் கணத்தில் அதை விமானி எதிர்கொள்வது வேறு. மே 27 அன்று ஃபிளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27, ராக்கெட் தாக்குதலின்போது என்ஜின் அணைந்து வீழ்ந்தது, அவர் சிறைப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகூஜாவின் மிக்-21, தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது; அவர் உயிரிழந்தார். மறுநாள் தோலோலிங் பகுதியில் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று அதே வகை ஏவுகணைக்கு இரையாகி, அதிலிருந்த நால்வரும் மாண்டார்கள். வெப்பத்தை நாடி வரும் ஏவுகணையைத் திசைதிருப்பும் ஒளிப்பொறிகளை வீசும் கருவி அந்த ஹெலிகாப்டரில் இல்லை.

மூன்று நாட்களில் இத்தனையும் நடந்தன. அதன்பின் ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர்கள் அந்தப் பணியிலிருந்து விலக்கப்பட்டன. போர் விமானங்கள் ஏவுகணை எட்டாத உயரத்துக்கு ஏறின. உயரம் ஏறினால் குறி தப்பும். அதற்கு விமானிகள் கண்ட தற்காலிக வழி, சந்தையில் கிடைக்கும் கையடக்க ஜிபிஎஸ் கருவி. விமானி அறையில் அதைப் பொருத்திக்கொண்டு, நிறுத்துகடிகாரத்தோடு நேரத்தைக் கணக்கிட்டு மிக்-21 விமானங்களிலிருந்து குண்டு வீசினார்கள். மறுபுறம், மிராஜ்-2000 விமானங்களில் லைட்டனிங் என்ற இலக்குகாட்டும் கருவியும் லேசர் வழிகாட்டும் குண்டுகளும் போரின் நடுவிலேயே அவசரமாக இணைக்கப்பட்டன. ஜூன் நடுவில் பட்டாலிக் பகுதியின் முந்தோ தாலோ முகாமும், ஜூன் 24 அன்று டைகர் ஹில் முகட்டிலிருந்த எதிரியின் நிலையும் தாக்கப்பட்டன. மே 26-க்கும் ஜூன் 24-க்கும் இடையே இருப்பது ஒரு மாதம்கூட இல்லை. அந்த நாட்களுக்குள் ஒரு விமானப்படை தன் போர்முறையையே மாற்றி எழுதியது. சமகால வான்போர் வரலாற்றில் இவ்வளவு விரைவான கற்றலுக்கு அதிக எடுத்துக்காட்டுகள் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் கற்றல் எப்படி நடந்தது? யார் முதலில் ஜிபிஎஸ் யோசனையைச் சொன்னார்? எந்த ஸ்குவாட்ரன் அதைச் சோதித்தது, மேலிடம் எத்தனை நாளில் ஏற்றது? தாக்குதல் முடிந்து எடுத்த படங்களில் உண்மையில் எத்தனை குண்டுகள் இலக்கில் விழுந்திருந்தன? ஹெலிகாப்டர்கள் வேண்டும் என்று தரைப்படை கேட்டபோது, அரசின் அனுமதி வேண்டும், அந்த உயரத்தில் அவை தாங்காது என்று விமானப்படை சொன்னதாகவும், அதனால் காலதாமதம் ஏற்பட்டதாகவும் ஒரு தரப்பு எழுதுகிறது. எச்சரித்தும் கேட்கவில்லை என்று மறுதரப்பு எழுதுகிறது. ஓய்வுபெற்ற தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. கூட்டக் குறிப்புகளும் கடிதப் போக்குவரத்தும் அன்றன்றைய பதிவேடுகளும்தான் இதைத் தீர்க்க முடியும். கார்கில் வான்போர் பற்றிய மிக விரிவான ஆய்வுகளில் ஒன்று 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆய்வு எங்கிருந்து வந்தாலும் நல்லதே. ஆனால் அப்படியொரு ஆய்வு நம் பல்கலைக்கழகங்களிலிருந்து வருவதற்குத் தேவையான மூலப்பொருள் தங்கள் அலமாரிகளில் இருக்கிறது.

பிற நாடுகளின் அனுபவத்திலிருந்து ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1941-இல் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் இரவுதோறும் ஜெர்மனிக்குச் சென்று இலக்குகளைத் தாக்கியதாக அறிக்கை அளித்துவந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் பட் என்ற அரசு அதிகாரி, விமானங்களிலிருந்த கேமராக்கள் எடுத்த 600-க்கும் மேற்பட்ட படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளாவது சென்றிருந்தது. புகை மூடிய ரூர் தொழிற்பகுதியில் அது பத்தில் ஒன்றாகக் குறைந்தது. போரின் மிக நெருக்கடியான கட்டத்தில், தன் படையின் நம்பிக்கையையே அசைக்கும் இந்த உண்மையை ஓர் அரசு எழுத்தில் கேட்டு வாங்கியது. புதிய வழிகாட்டும் கருவிகளும், முன்சென்று இலக்கை ஒளியால் காட்டும் தனிப் படைப்பிரிவும் வந்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. போர் முடிந்ததும் அமெரிக்கா தன் குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்து 200-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் அறிக்கைகளைப் பதிப்பித்தது. வியட்நாமில் தன் ஏவுகணைகள் குறிதவறியபோது, அமெரிக்கக் கடற்படை தொழிற்சாலை முதல் விமானியின் விரல்வரை முழுவதையும் ஆராய்ந்து 1969-இல் 200-க்கும் மேற்பட்ட பரிந்துரைகளைப் பெற்றது.

ஆனால் பட் அறிக்கையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. குறிப்பிட்ட தொழிற்சாலையைத் தாக்க முடியவில்லை என்று தெரிந்ததும், அதற்குப் பதிலாக நகரங்களையே இலக்காக்கலாம் என்ற முடிவுக்கு 1942 பிப்ரவரியில் பிரிட்டன் வந்தது. ஹாம்பர்க்கும் டிரெஸ்டனும் அதன்பின் எரிந்தன. அனுபவம் எப்போதும் நல்ல பாடத்தையே கற்பிக்கும் என்பதில்லை. கொடிய பாடத்தையும் அது கற்பிக்கும். எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டோம் என்று ஒரு சமூகம் பின்னர் விவாதிக்க வேண்டுமானால், அதற்கும் பதிவேடு வேண்டும்.

இந்த இடத்தில், 1966 மார்ச் மாதம் மிசோ மலையில் ஐஸ்வால் நகரின்மீது நம் விமானப்படை நடத்திய தாக்குதலை நினைவூட்ட வேண்டியவனாகிறேன். நம் நாட்டு மண்ணில், நம் நாட்டு மக்கள் வாழ்ந்த ஊரின்மீது நடந்த அந்தத் தாக்குதல் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. ஆனால் என்ன கட்டளை வழங்கப்பட்டது, எந்த இலக்குகள் குறிக்கப்பட்டன, மக்கள் வெளியேற என்ன வாய்ப்பு தரப்பட்டது என்பவற்றை ஆவணங்களின் வழியே மிசோ மக்களும் மற்றவர்களும் அறிந்துகொள்ள வேண்டும். 25 ஆண்டு வரம்பை அது எப்போதோ தாண்டிவிட்டது. உள்நாட்டுக் கலவரங்களில் வான்படையை எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற கோட்பாட்டுக்கு அதைவிட முக்கியமான ஆவணம் இருக்க முடியாது.

தமிழர்கள் நெஞ்சில் ஆறாத வடுவாக இருக்கும் 1987-ஐயும் அதே நோக்கில் கேட்கிறேன். அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் எம்ஐ-8 ஹெலிகாப்டர்கள் வழியே இந்திய அமைதிப்படை வீரர்களை இறக்கும் முயற்சி, விடுதலைப் புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்ததால் பேரிழப்பில் முடிந்தது. கடுமையான துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே திரும்பத் திரும்ப இறங்கிய ஹெலிகாப்டர்கள் துளைக்கப்பட்டன. அடுத்த அலைகள் நிறுத்தப்பட்டன. அங்கே இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினரில் ஒருவர்தான் உயிர்பிழைத்தார். அடுத்த வாரங்களில் யாழ் நகரத்துப் பொதுமக்கள் பட்ட துயரை இங்கே விவரிக்க நான் முயலவில்லை. நகரப்புறத்தில், மக்கள் நெருக்கத்தின் நடுவில், போதிய உளவுத் தகவல் இல்லாமல் ஹெலிகாப்டர் நடவடிக்கையைத் திட்டமிடுவது என்ன விலை கேட்கும் என்பதை அந்த இரவின் பதிவேடுகள் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும். அவற்றைப் படிக்கும் உரிமை மாண்ட வீரர்களின் குடும்பங்களுக்கும் உண்டு, யாழ்ப்பாணத்து மக்களுக்கும் உண்டு.

எதிரி படித்துவிடுவான் என்ற மறுப்பு வரும். அதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. இன்றும் பயன்பாட்டில் உள்ள ஆயுதங்களின் அளவைகள், மின்னணுப் போர்முறைகள், தகவல் தந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை மறைத்துவிட்டு மற்றவற்றை வெளியிடுவது எந்தக் காப்பகத்துக்கும் தெரிந்த வேலை. மிக்-23, மிக்-27 விமானங்கள் ஓய்வுபெற்றுவிட்டன. அவற்றின் 1999 தாக்குதல் முறையில் காக்க வேண்டிய இரகசியம் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. அன்றைய கையடக்க ஜிபிஎஸ் உத்தியை இன்று பயன்படுத்துவாரும் இல்லை. மேலும், மறைத்தாலும் கசியும் என்பதை நம் அனுபவமே காட்டியது. 1965, 1971 போர்களின் அதிகாரபூர்வ வரலாறுகள் 1992-இல் தொகுக்கப்பட்டன. முறையாக வெளியிடப்படாமல் கிடந்த அவை, 2000-ஆம் ஆண்டில் செய்தித்தாள் ஒன்றின் வழியே இணையத்தில் வெளியாகின. அரசின் முத்திரையோடு வந்திருக்க வேண்டிய வரலாறு கசிந்த தாள்களாக மக்கள் கைக்கு வந்தது.

உண்மையைச் சொன்னால் படையின் மனஉறுதி குலையும் என்பாரும் உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தி, விமானப்படையினர் ஆறு பேரும் பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் தலைமைத் தளபதி பதௌரியா அது நம் பெருந்தவறு என்று வெளிப்படையாக ஏற்றார். பாகிஸ்தானுடன் நடந்த 2025 மே மாத மோதலின் தொடக்கத்தில் விமானங்களை இழந்ததை முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான் சிங்கப்பூரில் ஒப்புக்கொண்டு, விமானம் விழுந்ததைவிட ஏன் விழுந்தது என்பதே முக்கியம் என்றும், தந்திரத்தில் நேர்ந்த தவறைக் கண்டறிந்து திருத்தி இரண்டு நாளில் மீண்டும் பறந்ததாகவும் கூறினார். இவ்விரு முறையும் படை குலையவில்லை. அத்தளபதிகள்மீது எங்களைப் போன்ற பழைய படையினர் வைத்த மதிப்பு கூடவே செய்தது.

2021 கொள்கையே எங்கிருந்து பிறந்தது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். போர் வரலாறுகள் எழுதப்பட வேண்டும், ஆவணங்களைத் திறப்பதற்குத் தெளிவான விதி வேண்டும் என்று கார்கில் ஆய்வுக் குழு பரிந்துரைத்தது. அதன் தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம். தன் அறிக்கையை மக்கள் படிக்கும் வகையில் எழுதியவர் அவர். 2000 பிப்ரவரியில் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோதும் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன.

ஆகவே நான் கேட்பவை இவை. சஃபேத் சாகர் நடவடிக்கையில் பங்கேற்ற ஸ்குவாட்ரன்கள், ஹெலிகாப்டர் பிரிவுகள், மேற்குக் கட்டளையகம் ஆகியவற்றின் 1999 மே முதல் ஜூலை வரையிலான செயல்பாட்டுப் பதிவேடுகளையும், தாக்குதலுக்குப் பிந்தைய படங்களையும் மதிப்பீடுகளையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் திறந்துவையுங்கள். மறைக்க வேண்டிய வரிகளைக் கறுப்பிடுங்கள், கோப்பையே மறைக்காதீர்கள். 1962, 1965, 1966, 1971, 1987 ஆகிய ஆண்டுகளின் விமானப்படை ஆவணங்களில் எவை மாற்றப்பட்டுவிட்டன, எவை மீதமுள்ளன என்ற பட்டியலை வெளியிடுங்கள். 1962-இல் போர் விமானங்களைப் பயன்படுத்துவதில்லை என்ற முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது மட்டுமே ஒரு தனி ஆய்வுக்குரியது. நீலகிரியில் வெலிங்டன் கல்லூரியில் பயிலும் முப்படை அதிகாரிகளுக்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பியல் துறை மாணவர்களுக்கும் அந்த ஆவணங்களை ஒருசேரப் படித்து வாதிடும் வாய்ப்பு கிடைக்கட்டும். விமானிகளிடம் மட்டுமின்றி, ஓடுதள ஓரத்தில் இரவுபகலாக நின்ற தொழில்நுட்பர்களிடமும் ஆயுதமேற்றியவர்களிடமும் வாய்மொழி வாக்குமூலங்களைப் பதிவுசெய்யுங்கள். மிராஜில் புதிய குண்டு பொருத்தப்பட்ட இரவுகளில் கையில் ஸ்பேனரோடு நின்றவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. போர் அல்லது நடவடிக்கை முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வரலாறு தொகுக்கும் குழு அமைக்கப்பட வேண்டும், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் தொகுப்பு முடிய வேண்டும் என்று அக்கொள்கையே சொல்கிறது. 2025 மே மாதத்து நடவடிக்கைக்கு அந்த இரண்டு ஆண்டு 2027 மே மாதத்தோடு முடிகிறது. அதற்கான குழுவில் படைக்கு வெளியிலுள்ள இராணுவ வரலாற்றாசிரியர்களையும் சேர்த்து, அதன் உறுப்பினர் பெயர்களையும் பணிவரம்பையும் அந்தத் தேதிக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர் ஒருவர்,
கோயம்புத்தூர்